சாம்பல் சிறகன் பள்ளிபாளையம் வந்த வாரம்

சினிமா தியேட்டரில் மேனேஜர் என்று சொன்னால் போதும், "உங்களுக்கென்ன, தினமும் படம்" என்பார்கள். ஊரிலேயே ஒரு படத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்க முடியாத ஆள் தியேட்டர் மேனேஜர்தான். பாட்டு ஆரம்பிக்கும்போது ஏசி நிற்கும். சண்டை நடக்கும்போது பாத்ரூமில் தண்ணீர் வராது. கிளைமாக்ஸ் சமயத்தில் பார்க்கிங்கில் ஒருவர் வண்டியை இன்னொருவர் சாய்த்துவிட்டு, திரையில் நடப்பதைவிடப் பெரிய சண்டை போட்டுக்கொண்டிருப்பார். பள்ளிபாளையத்தில் நான் இந்த வேலைக்கு வந்தபிறகு பார்த்த படங்களெல்லாம் கதவிடுக்கில் நின்று அரையும் குறையுமாகப் பார்த்தவை.

இதோடு காமிக்ஸ் படிக்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பழக்கத்தை விட முடியாமல், வீட்டில் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு ஆபீசுக்குப் போகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்து எங்களுக்கும் பழகிவிட்டது.

டீசர்

சாம்பல் சிறகனைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வெளிநாட்டுக் காமிக்ஸ்தான். தமிழில் கருப்பு வெள்ளையில், மட்டமான தாளில் வந்துகொண்டிருந்தது. எரிந்துபோன ஒரு நகரத்தின் சாம்பல் அவன் முதுகில் சிறகாக ஒட்டிக்கொள்ளும். பறப்பான், காப்பாற்றுவான், யாரிடமும் அதிகம் பேசமாட்டான். மழை பெய்தால் மட்டும் சிறகு கரைந்துவிடும். அப்போது அவன் நம்மைப்போலத் தரையில் நின்றுதான் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்கு அந்த மழைக் கதைகள்தான் பிடிக்கும்.

அவனைப் படமாக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்து, அடங்கி, மறுபடி வந்து, ஒருவழியாக டீசர் வெளியானது. டிக்கெட் கவுண்டருக்குள் நின்று போனில் பார்த்தேன். உடனே இன்னொரு தடவை பார்த்தேன். கவுண்டரில் இருக்கும் செல்வி பல வருசமாக என்னோடு வேலை செய்கிறவர். யாரிடமாவது காட்டியே ஆகவேண்டும் என்று அவரிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, பறக்கறதுக்கு இந்த மனுசன் எதுக்குங்க இத்தன சங்கடப்படறாரு? மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குதுங்க."

முதலாளியிடம் கேட்டது

எங்கள் முதலாளிக்குத் தியேட்டர் ஒன்று, தறிக்குடோன் இரண்டு. மனசெல்லாம் தறியில்தான் இருக்கும். தியேட்டரில் என்ன ஓடுகிறது என்று வெள்ளிக்கிழமைதான் கேட்பார். அன்றைக்கு நான் செவ்வாய்க்கிழமையே குடோனுக்குப் போய் நின்றதும் ஏதோ ரிப்பேர் என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

சாம்பல் சிறகன் வருகிற அதே வெள்ளிக்கிழமை ஒரு பெரிய நடிகரின் படமும் வருகிறது. எங்களுக்கு இருப்பது ஒரே திரை. பெரிய படத்தை விடமுடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் காலைக் காட்சி மட்டும் என் ஆளுக்குக் கொடுங்கள், ஒரு வாரம் போதும் என்று கேட்டேன். தறிச் சத்தத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. படித்த பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், ஊரே கேட்கிறது, இதைப் போடாவிட்டால் கூட்டம் பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போய்விடும் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் அறுந்த நூலை முடிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"மணி, உனக்கு வேணும்னு சொல்லு, போட்டுக்கலாம். ஜனங்க கேக்குதுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத."

பெயர்

படம் கிடைத்துவிட்டது. இப்போது எனக்கு வேறு கவலை. தமிழில் டப்பிங் செய்கிறார்களே, அவனை என்னவென்று கூப்பிடப் போகிறார்கள்? விளம்பரத்தில் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்தான் இருந்தது. எங்களுக்கு அவன் சாம்பல் சிறகன். வில்லன் பல்லைக் கடித்துக்கொண்டு "சிறகா, நில்" என்று சொல்லாவிட்டால் அது எங்கள் ஆள் இல்லை. வேறு யாரோ.

விநியோக ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் எங்கள் பகுதிக்குப் படம் அனுப்புகிற பையனில்லை, புதிதாக வந்திருந்த ஒரு பெரியவர். கேள்வியை மூன்று விதமாகக் கேட்டும் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் புரிந்ததும், பின்னால் யாரிடமோ அவர் என் கேள்வியைச் சொல்வதும், அந்த யாரோ சிரிப்பதும் கேட்டது. திரும்ப வந்து மரியாதையாகத்தான் பேசினார்.

"நானு ஹார்ட் டிஸ்க் அனுப்பறவனுங்க சார். பேரு வெக்கறது வேற டிபார்ட்மென்டுங்க."

ரசிகர் காட்சி

சண்முகம் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். குமாரபாளையத்தில் லுங்கி வியாபாரம். சாம்பல் சிறகனுக்கு அவன் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறான். ராசிபுரத்திலிருந்து ஒருவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர், அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டர் என்று எல்லோரும் என் வயசுக்காரர்கள். டீசர் வந்த நாளிலிருந்து குழுவில் ஒரே சண்டை. சிறகு வெளிர் சாம்பலா, அடர் சாம்பலா? நம் புத்தகம் கருப்பு வெள்ளையில் வந்ததால் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

எங்கள் தியேட்டரில் காலைக் காட்சி என்று நான் செய்தி போட்டதும் சண்டை நின்றது. முதல் நாள் முதல் காட்சிக்கு எல்லோரும் ஒன்றாக வருகிறோம் என்றான் சண்முகம். ஒரே நிறத்தில் பனியன் தைக்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பால்கனியில் முன் இரண்டு வரிசைகளை ஒதுக்கினேன். கேன்டீனில் பஃப்ஸ் கூடுதலாகச் சொன்னேன். மேலே மிஷின் ரூமுக்குப் போய் ஆபரேட்டர் முருகேசனிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், வருகிறவர்கள் எல்லோரும் என் வயசு ஜோடிக்காரர்கள் என்றேன். அவர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"உங்க வயசுன்னா பால்கனி வேண்டாமுங்க. படி ஜாஸ்தி. கீழயே போட்டுருங்க, பாவம்."

வெள்ளிக்கிழமை

காலையிலேயே வந்து கேட்டைத் திறந்து வைத்தேன். காட்சிக்கு நேரம் நெருங்க நெருங்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பெரிய நடிகர் படம் என்று நினைத்து ஒரு குடும்பம் வந்து, அது மதியம்தான் என்று தெரிந்ததும் திரும்பிப் போனது. பனியன்காரர்கள் யாரையும் காணோம். வண்டி எங்காவது பஞ்சராகி நிற்கிறதோ என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, முருகேசனிடம் பத்து நிமிசம் தள்ளிப் போடச் சொன்னேன்.

அப்போது குழுவில் ஒரு போட்டோ வந்தது. எல்லோரும் சாம்பல் நிறப் பனியனில், கையில் பாப்கார்னோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நிற்கிற இடம் ஆற்றுக்கு அக்கரையில், ஈரோட்டில் இருக்கிற பெரிய மால் தியேட்டர். பல் டாக்டர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் போடச் சொல்லி முருகேசனுக்குச் சைகை காட்டிவிட்டு ஆபீஸ் ரூமில் போய் உட்கார்ந்தேன். படம் ஓடத் தொடங்கிய சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. ஒதுக்கிய பஃப்ஸை என்ன செய்வது என்று கேன்டீன்காரர் வந்து கேட்டார்.

இடைவேளையில் சண்முகமே கூப்பிட்டான். அவனாகத்தான் சொன்னான்.

"கோவிச்சுக்காத மாப்ள. இத்தன வருசம் காத்துக் கெடந்துட்டு, மொதத் தடவ அவன் கொரல உன்ற தியேட்டர் ஸ்பீக்கர்லயா கேக்கோணும்?"

நல்ல படம்

சனி, ஞாயிறும் சுமாராகத்தான் போனது. ஒருவர் மட்டும் முதல் நாளிலிருந்தே தவறாமல் வந்தார். பேப்பர் மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு நேராக இங்கே வந்துவிடுவார். ஃபேனுக்குக் கீழே ஒரு சீட்டைப் பிடித்து, துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார். வீட்டில் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்களாம், பகலில் கண்ணை மூட முடியவில்லையாம். என் ஆள் திரையில் நகரத்தையே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, கீழே இவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காட்சி முடிந்து வெளியே வந்தவரைப் பார்த்துச் சும்மா சிரித்து வைத்தேன். படத்தை மூன்று தடவை பார்த்த ஒரே ரசிகர் அல்லவா. அவரே நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நல்ல படமுங்க. சண்ட வர்றப்பத்தான் கொஞ்சம் முழிப்பு வருது. மத்தபடி கொற சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

பேசிக்கொண்டே இருந்த அம்மா

செவ்வாய்க்கிழமை காலை செல்வி கவுண்டரை விட்டு எழுந்து ஆபீசுக்கே வந்துவிட்டார். நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே ஒரு பெயர், அதை ஒரு அம்மா வந்து சொல்கிறது, சாம்பல் சிறகனுக்கு இரண்டு டிக்கெட் கேட்கிறது என்றார். போஸ்டரில் இல்லாத பெயர். டப்பிங்கிலும் யாரும் சொல்லாத பெயர். அதை நான் சனிக்கிழமையே கதவோரம் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். நான் எழுந்து வருவதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

படம் பாதி ஓடியிருக்கும். ஒரு ஜோடி வெளியே வந்து புகார் சொன்னது. பின்னால் ஒரு அம்மா விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாராம், நாங்கள் படம் பார்க்க வந்தோமா கதை கேட்க வந்தோமா என்று அந்தப் பையன் கேட்டான். நியாயம்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் கருப்புக் கண்ணாடி போட்ட அவருடைய தம்பி, திரையைப் பார்க்காமல் தலையை அக்கா பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மடித்த வெள்ளைக் கோல் ஒன்று மடியில் இருந்தது.

"இப்பப் பாலத்து மேல நிக்கறான் சாமி. கீழ தண்ணி. ஒண்ணும் பேசல, சும்மா நிக்கறான்," என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் மழை ஆரம்பித்தது. பத்து நிமிசத்துக்கு வசனமே இல்லாத இடம் அது. "மழ புடிச்சுக்கிச்சு. றெக்க கரையுது. கரைஞ்சு கை வழியா ஒழுகுது, தொடச்சுக்கறான். எதுத்தாப்புல அத்தன பேரும் வந்துட்டாங்க." தம்பி மெதுவாக, முட்டி போட்டுவிட்டானா என்று கேட்டார். "இல்ல சாமி. சிறகன் நிக்கறான்," என்றார் அந்த அம்மா.

கேன்டீனிலிருந்து போன் வந்தது. அணைத்துவிட்டேன். அந்த ஜோடியைப் பால்கனிக்கு அனுப்பச் சொல்லி, கதவில் நின்ற டிக்கெட் கிழிக்கிறவருக்குச் சைகை காட்டினேன். பிறகு கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை. இத்தனை நாள் கதவிடுக்கில் நின்று பார்த்தபோது அது ஒரு சத்தமான இங்கிலீஷ் படமாகத்தான் இருந்தது. அந்த அம்மா சொல்லச் சொல்லத்தான் அது எங்கள் காமிக்ஸ் ஆனது. கண் கலங்கியது என்று எழுதினால் செல்வி படித்துவிட்டுக் கேலி செய்வார், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வெளியே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நானும் படிக்கிறவன்தான் என்று சொன்னேன். சர்க்கரையில் பார்வை போய் இரண்டு வருசம் ஆகிறதாம் தம்பிக்கு. அதற்குமுன், அவருக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத வயதிலேயே அக்காதான் காமிக்ஸ் படித்துச் சொல்வாராம். அந்த அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது தம்பி என் கையைப் பிடித்து அருகில் இழுத்தார்.

"எங்கக்கா அப்பவே சீக்கிரம் முடிக்கறதுக்காக ரெண்டு கட்டம் தாண்டித்தானுங்க படிக்கும். இன்னிக்கு எதையாவது தாண்டிருச்சுங்களா? நீங்க சொல்லுங்க."

ஃப்ளெக்ஸ்

வியாழக்கிழமையோடு படத்தை எடுத்துவிட்டோம். வாசலில் கட்டியிருந்த பெரிய ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மொபெட்டில் வந்த ஒரு விவசாயி நின்றார். மக்காச்சோளம் அறுத்துக் களத்தில் கொட்டி வைத்திருக்கிறாராம், மூடுவதற்குப் படுதா போதவில்லையாம். கிழியாமல் கழட்டித் தந்தால் உபயோகமாக இருக்கும் என்றார். வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. ஆனால் அத்தனை பெரிய சிறகை விரிப்பதற்கு எங்கள் வீட்டில் சுவர் இல்லை. நானே ஒரு முனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் கேரியரில் வைத்துக் கட்டினார். கிளம்புவதற்குமுன், மடிப்பில் வெளியே தெரிந்த சாம்பல் சிறகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மொகம் மேல பாக்கற மாதிரி விரிச்சாச் சரியா இருக்குமுங்களா? மயிலுக கொஞ்சம் பயப்படுமுங்க."

உலகத்தைக் காப்பாற்றுகிறவன் எங்கள் ஊரில் ஒரு வாரம் ஓடிவிட்டுக் களத்து மேட்டில் போய்ப் படுத்துக்கொண்டான், அவனை ஓட்டிய எனக்குத்தான் மறுநாள் காலையிலேயே அடுத்த வெள்ளிக்கிழமை, அடுத்த படம்.