காலில் பூசிய மஞ்சள்

என் இடது கால் வீங்கிப் பதினைந்து வருஷம். சர்க்கரை வந்து நான்கு வருஷம். விஜயபுரத்தில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த நானும் வீட்டுக்காரரும் நாயுடுபேட்டைக்குக் குடிவந்து, ஆளுக்கொரு கம்பெனியில் சேர்ந்திருந்தோம். எனக்கு நாள் முழுக்க நின்றபடி வேலை. கால் போனால் வேலையும் போகும்.

திருப்பதி ஆஸ்பத்திரி நர்சம்மா ஒரு டேப்பைக் கொடுத்து, காலையும் மாலையும் கணுக்காலை அளந்து எழுதச் சொன்னார். சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, கீழிருந்து மேலாகத் துணி சுற்ற வேண்டும். முதலில் எரிச்சல்தான் வந்தது. பத்து நாளில் அதுவே பைத்தியமாகிவிட்டது. கருவாட்டுக் குழம்பு தின்ற மறுநாள் கால் கொஞ்சம் பெருத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தலையணைமேல் தூக்கி வைத்து டிவி பார்த்தால் இளைக்கும். என் காலில் இத்தனை சங்கதி நடக்கிறதா என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது.

அப்படியும் ஒரு சனிக்கிழமை குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. எல்லாம் ஒழுங்காகத்தானே செய்தேன், பிறகு ஏன்? திருப்பதிக்கு ஓடினோம். நர்சம்மா ஈரப்பஞ்சால் என் பாதத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. சுண்டுவிரல் இடுக்கில் ஒரு வெடிப்பு, அங்கிருந்து கணுக்கால்வரை செக்கச்செவேல் என்றிருந்தது.

"ஈ பசுப்பு எந்துக்கம்மா?" என்று பஞ்சிலிருந்த மஞ்சளைக் காட்டித் தெலுங்கில் அதட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "தெனம் மஞ்சள் பூசிக்கினா, கால் செவந்தா எப்படித் தெரியும்? சக்கரையால வலியும் தெரியாது. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா விரலை எடுத்திருப்பாங்க."

கல்யாணமான நாளிலிருந்து மஞ்சள் இல்லாமல் என் கால் இருந்ததில்லை. அது வீட்டுக்காரருடைய ஆயுசுக்காகப் பூசுவது. பஸ்ஸில் தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன்.

"மஞ்சளை வுட்டுட்டா உங்களுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா கீதுங்க."

"என் ஆயுசு உன் காலுலயா கீது?" என்றார். "பேசாம வா."

எனக்குக் காய்ச்சல் விட்டபின் அவர் மறுபடி வேலைக்குப் போன அன்று, வெறும் பாதத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். யாருடைய காலோ போலிருந்தது. ஆறரைக்கு வர வேண்டியவர் ஏழாகியும் வரவில்லை. அந்த அரைமணி நேரத்தில் மஞ்சள் கிண்ணத்தை இரண்டு முறை கையிலெடுத்துக் கீழே வைத்தேன்.

ஏழேகாலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "காலு இன்னா சொல்லுது?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.