பதினான்காவது வளைவில் நான் நின்றேன்

ஏற்காட்டுக்கு பைக்கில் போவது பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே பைக்கில் போனது ஒரே முறை, எண்பதுகளின் நடுவில், ஒரு மே மாதம். என் மனைவியின் தம்பி சேகர் மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டினான்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் திண்டிவனத்திலிருந்து அவன் பைக்கில் இருவரும் கிளம்பினோம். விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகப் போனோம். சேலம் சேரும்போது மணி பன்னிரண்டரை. லாட்ஜ் அறைக்கு இருபத்தைந்து ரூபாய். சேகர் லாரி பட்டறையில் மெக்கானிக். நேர்ரோட்டில் அவனை யாரும் பிடிக்க முடியாது.

"நம்ம பக்கம் மலைன்னா பெருமுக்கல்தான் மாமா. அதுல நடந்துதான ஏறணும். இங்க வளைவப் பாத்துக்கினே கத்துக்க வேண்டியதுதான்" என்றான். அன்று மாலை இரண்டு முறை ஏறி இறங்கினான்.

உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய பந்தயம். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பி, மேலே நேரம் குறிப்பார்கள். சாலையை மூடவில்லை; பஸ்ஸும் லாரியும் வந்துகொண்டுதான் இருந்தன. அதனால் ஒவ்வொருவரும் தன் ஆளை ஒரு வளைவில் நிறுத்திக்கொண்டார்கள். எனக்குப் பதினான்காவது வளைவு. மேலிருந்து வண்டி வந்தால் சிவப்புத் துண்டு, வராவிட்டால் வெள்ளைக் கைக்குட்டை.

ஞாயிறு காலை பத்து இருபதுக்கு அவன் வண்டிச் சத்தம் கேட்டது. மேலே பார்த்தேன், வண்டி எதுவும் இல்லை. கைக்குட்டையைத் தூக்கினேன். அவன் வேகத்தைக் குறைக்காமல் உள்பக்கமாக வளைந்தான். அங்கே பாறையை ஒட்டி ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. காலையிலேயே அதைப் பார்த்திருந்தேன். அதிலிருந்து விறகுக்கட்டோடு ஒரு அம்மா சாலையில் கால் வைத்தார்.

சேகர் வண்டியை ஒடித்தான். அது அவர் காலில் இடித்துச் சரிந்தது. இவன் மைல்கல்லில் மோதி விழுந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "மாமா, அந்தம்மாவப் பாருங்க" என்றான்.

அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. துண்டால் கட்டிவிட்டுத் திரும்பினேன். அவனிடம் பேச்சில்லை. அடுத்த ஆள் வந்தான், எங்களைப் பார்த்தான், ஓரமாக ஒதுங்கி மேலே போய்விட்டான்.

இறங்கி வந்த பஸ்ஸில் இருவரையும் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். அடிவாரம் வருவதற்குள் சேகர் போய்விட்டான். அந்த அம்மா பிழைத்தார்.

ஊர் வந்து, காரியம் எல்லாம் முடிந்த பிறகு என் மனைவி கேட்டாள்: "நீங்க எங்க நின்னுக்கினு இருந்தீங்க?"

"வளைவுலதான். வரலாம்னு காட்டுனதே நான்தான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

போகிறவர்களுக்கு: மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். காலை ஏழுக்குள் ஏறிவிடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடியுங்கள். உள்பக்கம் வெட்டாதீர்கள். வளைவில் யாராவது நின்று வரலாம் என்று கை காட்டினாலும் வேகத்தைக் குறையுங்கள். காட்டுகிறவர் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கலாம். அவர் பார்க்கத் தவறியது ஒன்று இருக்கும்.