சூடேறிய வண்டியும் அப்பாவின் இடது கையும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன வருஷம், நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆபீஸ் கழித்துவிட்ட பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்றை அவர் வைத்திருந்தார். அதைப் பட்டறைக்குக் கொடுப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, எல்லாப் பழுதையும் தானே பார்த்தவர். அவர் படுத்த பிறகு வண்டி அம்மா கைக்கு வந்தது. கோலசிலாங்கூர் மருத்துவமனைக்கு அவரைப் பயிற்சிக்கு அழைத்துப்போக வேறு வழியில்லை.

நடைப்பயிற்சியை அப்பா ஒழுங்காகச் செய்தார். பேச்சுப் பயிற்சிக்குத்தான் வாயைத் திறக்கவில்லை. அவர் குழறியதைக் கேட்டு ஒரு சொந்தக்காரர் சிரித்துவிட்டார்; அன்றிலிருந்து எல்லாம் கைஜாடைதான். மருத்துவமனை அக்கா பூனைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், அப்பா சுவரைப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் வண்டியும் சூடேறத் தொடங்கியது. ஒருநாள் செம்பனை மரங்களுக்கு நடுவே மண்சாலையில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கே போய்விட்டது. மறுநாள் அம்மா வண்டியைப் பாசிர் பெனம்பாங் பட்டறைக்கு ஓட்டிப் போனார். நானும் கூடப் போனேன். பட்டறை முதலாளி தவுக்கே பார்த்துவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் காற்றாடியின் கிளட்ச் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்றார். அம்மா புதுக் கிளட்ச் சாமானை மட்டும் வாங்கிக்கொண்டார், மாட்டச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

சாயங்காலம் அப்பாவின் சக்கர நாற்காலியை வண்டிக்கு முன்னால் தள்ளிவந்து நிறுத்தினார்.

“வண்டி சூடாவுது. எனக்கு ஒன்னும் புரியல. நீங்கதான் பாக்கணும்.”

அப்பா பட்டறை இருக்கும் திசையைக் காட்டினார்.

“பட்டறைக்கெல்லாம் போக மாட்டேன்லா. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்.”

“அம்மா, தவுக்கேதான்...” என்று ஆரம்பித்தேன். அம்மா பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு அப்பா பேசவில்லை. அடுத்த நாளும் நாற்காலி அங்கேதான் வந்தது, அப்போதும் பேசவில்லை. அதற்கடுத்த நாள், அம்மா ஸ்பேனரை எடுத்துச் சம்பந்தமே இல்லாத ஒரு நட்டைக் கழற்றத் தொடங்கினார். அதை மட்டும் அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

“வே... வேணாம்.” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “எப்ப?” என்றார்.

“எப்ப சூடாவுதா? தோட்டத்து ரோட்டுல மெதுவா போறப்ப. பெரிய ரோட்டுல வேகமா போனா எறங்கிடுது.”

“தண்ணி?”

“கொறையல.”

அப்பா ரேடியேட்டர் பக்கம் எட்டிப் பார்த்தார். “காத்து” என்றார். வேகமாகப் போனால் எதிர்க்காற்றே எஞ்சினை ஆற்றிவிடும், மெதுவாகப் போகும்போதுதான் காற்றாடி இழுத்துத் தர வேண்டும் என்பதை அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். அவர் இடது கையால் காட்டியபடி அம்மா எஞ்சினை ஓடவிட்டுச் சூடானதும் அணைத்தார். அப்பாவைத் தாங்கி நிறுத்தி, அவருடைய இடது கையைக் காற்றாடியில் வைத்தார். சூட்டில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய காற்றாடி, தட்டியதும் சும்மா சுற்றியது.

“கி... கிளச்சு.”

மறுநாள் அம்மா கடைக்குப் போய் வந்தவர்போல அந்தச் சாமானைக் கொண்டுவந்தார். ஆனால் துருப்பிடித்த நட்டு கழலாமல் காற்றாடியோடு சேர்ந்து சுற்றியது. அம்மாவின் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. அவர் விடவில்லை. அப்பா “பெல்ட்டு” என்று சொல்லி, இடது கையால் பெல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். காற்றாடி சுற்றாமல் நிற்க, நட்டு அசைந்து கொடுத்தது.

வேலை முடிந்ததும் மூவரும் மண்சாலையில் மெதுவாகப் போனோம். முள் நடுவிலேயே நின்றது. அப்பா எட்டிப் பார்த்து, “ஏறல” என்றார்.

“என்னா?” என்றார் அம்மா.

“ஏறல.”

“சரியா கேக்கலைங்க.”

“முள்ளு... ஏறல” என்றார் அப்பா, கொஞ்சம் கோபமாகவே.

பின்சீட்டில் இருந்த எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டது. பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு எப்படிக் கேட்காமல் போகும்? எனக்குப் பயமாகிவிட்டது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அம்மாவின் காதையும் டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.