இன்ஜின் ஆறும்வரை

பழைய எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் தவறாமல் கூட்டிக்கொண்டு போகிற பெண் ஒருத்தி எங்கள் பக்கத்தில் இருக்கிறாள். ஊரே அவளைக் குத்தூசி என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வங்கியிலிருந்து ஆள் வந்திருக்கிறான் என்று கதவைச் சாத்திவிடுவாள்.

மரப்பிடி போட்ட ஊசி ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்கும். வண்டிக்கு அடியில் ரெக்சின் விரித்துப் படுத்து, சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் அதால் குத்துவாள். ஊசி உள்ளே இறங்கினால் அங்கே துரு. வியாபாரம் அதோடு முடிந்தது. அவள் தெருமுனையில் திரும்பினாலே விற்பனைக்கு நிற்கும் வண்டிகளுக்குப் பயத்தில் ஆயில் ஒழுகுமாம். ஒரு வண்டி மட்டும் கொஞ்சம் மானஸ்தன். அவள் பக்கத்தில் வந்ததும் தானாகவே பானெட்டைத் திறந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

தரகர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவளைப் பார்த்ததும் காறித் துப்புவார்கள். அவளும் துப்புவாள், அவர்களைவிடக் கொஞ்சம் தூரமாக.

பழைய வண்டிதான் உழைக்கும் என்று பெருமை பேசுகிறவர்களை அவள் விடமாட்டாள். "பழசுன்னா பாறையா? ரப்பர் புஷ் ஒண்ணாவது முழுசா இருக்கான்னு குனிஞ்சு பாத்தியா?" புது வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கும் அதே மரியாதை. "சீட்டு முதுகு பிடிச்சுவிடுதா? நல்லது. ஏழாவது வருஷம் ஒரு சென்சார் செத்து நடுரோட்டுல நிக்கும்போது அதே சீட்டுல உக்காந்து அழு. பிடிச்சுவிடும்."

இப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய தம்பி வந்து நின்றான். வேலை பார்த்த நூற்பாலையை மூடிவிட்டார்கள். மலைமேல் இருக்கும் செல்போன் கோபுரங்களுக்குப் பழுது பார்ப்பவர்களை ஏற்றிப்போக ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்று கிடைத்திருந்தது. ஒரு வருடத்தில் மூன்று முறை வண்டி வழியில் நின்றுபோனால் ஒப்பந்தம் ரத்து. கைக்கு வந்த பணம் முழுவதையும் ஒரே வண்டியில் போடப்போகிறான். அது நின்றால் அவன் குடும்பமும் நிற்கும்.

முதலில், தம்பி ஆசைப்பட்ட மூன்று வருட வண்டியைப் பார்க்கப் போனார்கள். கண்ணாடிக் கூரை, சுவர்க் காலண்டர் அகலத்துக்குத் திரை. விற்பவனுக்குச் சிரிப்பு என்று பட்டப்பெயர். வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

"ஒரே ஓனர் மேடம். டாக்டர் வண்டி. வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலேர்ந்து வீடு, அவ்வளவுதான்."

"அதான் கோளாறே," என்றாள் குத்தூசி. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்னக் கருவி ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினாள். கோளாறு என்று எரிந்த எச்சரிக்கை விளக்கை யாரோ அழித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு வண்டி பதினொரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று அது காட்டியது. "காலைல அழிச்சியா, நேத்து அழிச்சியா?"

சிரிப்பின் வாய் முதல் தடவையாக மூடியது.

புது டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி உண்டு. நீளமாக ஓட்டினால் கரி தானே எரிந்துபோகும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். "மலை ஏறும்போது மூச்சு முட்டும்டா," என்று தம்பியிடம் சொன்னாள். "சரிபண்ண நகரத்துலேர்ந்து கம்ப்யூட்டரோட ஆள் வரணும். அவன் வர்றதுக்குள்ள உன் ஒப்பந்தத்துக்குக் காரியம் பண்ணிடலாம்."

வெளியே வந்ததும் தம்பி மென்று விழுங்கினான். "இன்னொரு வண்டி இருக்குக்கா. பதினாறு வருஷத்து வண்டி. மாமா விக்கிறார்."

"எந்த மாமா?"

"நமக்கு எத்தனை மாமா இருக்காங்க?"

"எனக்கு ஒருத்தரும் இல்ல."

மாமா என்பவர் அவளுடைய முன்னாள் கணவர், இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்யும் வெல்டர். விவாகரத்தாகி ஒன்பது வருடம். ஞாயிறு தவறாமல் வண்டிச் சக்கரத்தின் நட்டை முறுக்கிய மனிதர், பதினொரு வருடம் ஒழுகிய குளியலறைக் குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவள் தரப்பு. குழாய் ஒழுகியதைவிட அவள் வாய் அதிகம் ஒழுகியது என்பது அவர் தரப்பு.

இக்கட்டு அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பழைய பாசம் விட்டுப்போகவில்லை என்று ஊர் பல்லைக் காட்டும். மோசம் என்றால் வன்மம் என்பார்கள். தம்பியே அப்படித்தான் நினைப்பான். ஆனாலும் போனாள். தம்பியின் பிழைப்பு.

பட்டறைக் கூரைக்குள் வண்டி நின்றிருந்தது. நேராகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தாள்.

"தம்பி, இன்ஜின் சுடுதுன்னு அவர்கிட்டச் சொல்லு."

"வெயில்ல சுடாம குளிருமான்னு உங்கக்காகிட்டக் கேளு," என்றார் வெல்டர், மூன்றடி தள்ளி நின்றுகொண்டு.

"கூரைக்கு அடியில எந்தச் சூரியன் வந்துச்சாம்?"

சூடான இன்ஜின் பொய் சொல்லும். அதன் உண்மையான குரல், ஆறிப்போய்க் கிடந்து முதல் முறை உறுமும்போதுதான் வெளிவரும். ஆற ஐந்து மணி நேரமாவது ஆகும். "இருந்து பாத்துட்டுதான் போவேன்," என்றாள். ஒன்பது வருடமாக முகம் பார்க்காதவர்கள் ஒரே கூரைக்குள் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. நடுவில் தம்பி, ரெண்டு பக்கமும் உதை வாங்குகிற பந்து மாதிரி.

சும்மா இருப்பானேன் என்று அடியில் படுத்தாள். வெல்டர் வண்டி, துருவின் மேல் தகடு ஒட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார் என்பது அவள் கணக்கு. வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் முழுக்கச் சுத்தியலால் தட்டினாள். முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே சுத்தமான ஓசை. ஊசியால் குத்தினாள். எங்கும் இறங்கவில்லை. அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"என்ன தம்பி, உங்கக்கா அடியிலயே குடித்தனம் வச்சிட்டாளா? வாடகை கேக்கணும் போலிருக்கே."

"ஏற்கெனவே பண்ணின குடித்தனத்துக்கே இன்னும் இடுப்பு வலி தீரலைன்னு சொல்லு."

"மாமா, அக்கா, டீ சொல்லட்டுமா?" என்றான் தம்பி.

"விஷம் கிடைச்சாச் சொல்லு," என்றார்கள் இருவரும். யாருக்கு என்று சொல்லவில்லை.

மூன்றரை மணிக்குப் பானெட் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. தம்பி சாவியைத் திருப்பினான். சரசரவென்று ஒரு சத்தம். டப்பாவுக்குள் ஆணி குலுக்கியது போல ரெண்டே வினாடி. பிறகு இன்ஜின் வெண்ணெயாய் ஓடியது.

குத்தூசி முதல் முறையாக வெல்டரின் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை மாசமா?"

"நாலு மாசமா."

"தெரிஞ்சே சூடு பண்ணி வச்சிருக்கே."

"வேற யார் வந்தாலும் நானே சொல்லியிருப்பேன். உனக்கு ஒரு சத்தம் கிடைச்சாப் போதுமே, என்னையே ஓட்டை டப்பான்னு ஊர் முழுக்க ஓதிடுவே."

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ இது வேண்டாமாக்கா? சிரிப்புகிட்டயே போயிடலாமா?"

ஒரே ஒரு 'ஆமாம்' போதும். வெல்டரின் வண்டி சந்தையில் செத்துப்போகும். அவள் சொன்னால் வேறு எவனும் தொடமாட்டான். ஒன்பது வருடமாக அவள் காத்திருந்த வாய்ப்பு அது. அவள் ஆசையோடுதான் வாயைத் திறந்தாள். பிறகு, பிழைப்பை நினைத்துப் பயந்து நிற்கிற தம்பியின் முகம் கண்ணில் பட்டது.

"இன்ஜினுக்குள்ள டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் தேஞ்சிருக்கு," என்றாள், ஒவ்வொரு சொல்லையும் பல்லைப் பிடுங்குவது போல வெளியே எடுத்து. "மாத்தலைன்னா மலை மேலேயே ஒருநாள் இன்ஜின் மொத்தமா போயிடும். மாத்தினா அஞ்சு வருஷம் தாராளமா ஓடும். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கலாம். புதுச் சாமான் போட்டு, என் கண் முன்னால மாத்தித் தரணும். அப்புறம் வாங்கு."

மாற்ற ரெண்டு நாள் பிடித்தது. ரெண்டு நாளும் வந்து உட்கார்ந்து மெக்கானிக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த இன்ஜினுக்குள் கசடு என்று ஒரு துளி இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றியிருக்கிறார், பாவி மனிதர்.

சோதனைத் தாளை நிரப்பினாள். சேஸிஸ், கியர், பிரேக், எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கடைசிக் கட்டம், 'இதுவரை வைத்திருந்தவரின் பராமரிப்பு'. அதில் மட்டும் பேனா அரை மணி நேரம் நின்றது.

"மை தீர்ந்துடுச்சாக்கா?" என்றான் தம்பி.

'மிக நன்று' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது.

வருடம் ஒன்று போயிற்று. தம்பியின் வண்டி வழியில் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஊர் எதிர்பார்த்தபடியே பல்லைக் காட்டியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் வெல்டர், தம்பியிடமிருந்து அந்தத் தாளின் நகலை வாங்கி, கடைசிக் கட்டத்தையும் கையெழுத்தையும் மட்டும் கதவளவு பெரிதாக்கி, பட்டறை வாசலில் மாட்டிவிட்டார். கேட், கிரில் செய்யச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள்: 'இதுவரை வைத்திருந்தவரின் பராமரிப்பு மிக நன்று.' கீழே முன்னாள் மனைவியின் கையெழுத்து.

செய்தி காதில் விழுந்த பத்தாவது நிமிடம் குத்தூசி அங்கே நின்றாள். மேஜையிலிருந்த தடித்த மார்க்கரை எடுத்து, ஸ்டூலில் ஏறி, அடியில் எழுதினாள்: 'வண்டிக்கு மட்டும்.'

இறங்கி விறுவிறுவென்று நடந்தவளைப் பார்த்து வெல்டர் கத்தினார். "திருத்தம் பண்ணினா கையெழுத்துப் போடணும்! தொழில் தெரியாதா?"

திரும்பி வந்து போட்டாள். தேதியும் போட்டாள்.