கை எழாது என்று சொன்னவன்

பழனியாண்டியைப் பற்றி ஊரில் யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அவனுக்கு அந்த மந்திரத்தைக் கொடுத்தவன் நான்தான். என் வாயில் மண்ணைப் போட.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டமொன்றில் அவன் செம்பனைக் குலை வெட்டுகிறவன். நான் சத்தியசீலன், அந்தக் குலைகளை லாரியில் ஏற்றிப் போகிறவன். கூடவே தோட்டத்து முருகன் கோயிலுக்குச் செயலாளர். பதினாறு வருடப் பழக்கம். வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, கோபத்திலும் கிடையாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் பல்லைப் பெயர்த்திருக்கிறான். காப்பிக்கடையில் ஒருவன் முறைத்தான் என்பதற்காக நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் உடைத்திருக்கிறான்.

வீட்டில் மனைவி யோகேஸ்வரி. அவளை அடிக்க அவனுக்குக் காரணமே வேண்டாம். குழம்பில் உப்பு கூடினாலும் அடி, கதவைச் சத்தமாகச் சாத்தினாலும் அடி. காது கூசும் கெட்ட வார்த்தைகளைக் கத்திக்கொண்டே அடிப்பான். சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பிரித்துவிடுவோம். போன வருடம் அவள் தோள் எலும்பை முறித்தான். அவள் தம்பி தேவன் ஜித்ராவிலிருந்து வந்து அக்காளை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டே மாதத்தில் பழனியாண்டி பாதி ஆளாகிவிட்டான். அவள் இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை, அது பொய்யில்லை. போனில் அழுதான், கெஞ்சினான். கடைசியில் அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

“நாப்பத்தெட்டு நாளு யார் மேலயும் கை ஓங்காம இருந்து காட்டுங்க. வர்றேன்.”

அன்று சாயங்காலமே என்னிடம் வந்து நின்றான். “அண்ணே, கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது. என்ன செய்யட்டும், சொல்லுங்கண்ணே.”

நான் பெரிய ஞானி மாதிரி உட்கார்ந்து சொன்னேன். சரவணபவ. சரவணப் பொய்கையில் பிறந்தவனே என்று முருகனைக் கூப்பிடுவது. குளித்து, திருநீறு பூசி, சந்நிதிக்கு முன் உட்கார்ந்து தினமும் நூற்றெட்டு முறை. தவறிவிடாமலிருக்க உருத்திராட்ச மாலையை மணி மணியாக நகர்த்த வேண்டும்.

“தொடங்கிட்டா நடுவுல நிறுத்தக் கூடாது தம்பி. இடியே விழுந்தாலும் நிறுத்தாதே. நிறுத்துனா மண்டலம் போச்சு, மறுபடி முதல் நாள்லேர்ந்துதான். வாயில சரவணபவ இருந்தா கை எழாது.”

கை எழாது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

சொன்னபடி செய்தான். விடிந்ததும் கோயிலில் இருப்பான். பத்தொன்பதாம் நாள், புதிதாக வந்த வேலையாள் ஒருவன் தள்ளுவண்டியை அவன் கால்மேல் ஏற்றிவிட்டான். நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. ‘செத்தான் இவன்’ என்று எல்லாரும் ஒதுங்கி நின்றோம். பழனியாண்டியின் முஷ்டி இறுகியது. உதடு மட்டும் அசைந்தது. சரவணபவ, சரவணபவ. முஷ்டி தளர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே ஜித்ராவுக்குப் போன் போட்டேன்.

“தங்கச்சி, ஆளு மாறிட்டான். நம்பி வாம்மா. நான் பொறுப்பு.”

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் தேவன் அவளைக் காரில் அழைத்து வந்தான். புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். கோயிலில் பூசாரி இன்னும் வந்திருக்கவில்லை. நான் வாசலில் நின்றேன். பழனியாண்டி சந்நிதியைப் பார்த்து உட்கார்ந்து உரக்க உருப்போட்டுக்கொண்டிருந்தான். மாலை பாதியைத் தாண்டியிருந்தது.

“கொஞ்சம் பொறு தம்பி, முடிக்கட்டும்,” என்றேன்.

தேவனுக்கு அக்காளின் எலும்பு மறக்கவில்லை. யாருக்குத்தான் மறக்கும்? விறுவிறுவென்று உள்ளே போனான். “எழுந்திரு மச்சான். என் அக்கா வந்து நிக்குது, நீ யாருக்குப் படம் காட்டுறே? நடிச்சது போதும்லா,” என்று அவன் கையிலிருந்த மாலையைப் பிடுங்கினான்.

பழனியாண்டி எழுந்தான். சரவணபவ என்றான். தேவனின் வாயில் ஒரு குத்து. சரவணபவ. மூக்கில் ஒன்று. சரவணபவ. கீழே விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரு மந்திரம், ஒரு குத்து. ஐயோ, அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாலை போய்விட்டதால் அவன் அடிகளில் எண்ணுகிறான்.

பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். உதறிய வேகத்தில் தூணில் மோதி என் விலா எலும்பு விரிசல் விட்டது. யோகேஸ்வரி ஓடிவந்து தம்பிமேல் குப்புற விழுந்தாள். அவன் நிறுத்தவில்லை. மிச்ச எண்ணிக்கை அவள் முதுகில் இறங்கியது. “யாராச்சும் வாங்கடா!” என்று கத்த வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது.

நூற்றெட்டு ஆனதும் தானாகவே நிறுத்தினான். ரத்தக் கையைக் கூப்பிச் சாமியைக் கும்பிட்டான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை. பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்.

“யோகி, நாப்பத்தெட்டு நாளும் முடிஞ்சிருச்சு. ஒன்னுகூட விடல. வா, வீட்டுக்குப் போவோம்.”

பிந்தி வந்த பூசாரி போன் போட்டு, போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. கோயிலுக்கு எதிர்வரிசை வீட்டுக்காரர்கள் அப்புறம்தான் வந்தார்கள். “சரவணபவன்னு கேட்டுச்சு, பூசை நடக்குதுன்னு நெனச்சோம்,” என்றார்கள்.

தேவனின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஒரு கண் இன்றும் மங்கல்தான். பழனியாண்டி சிறையில் தினமும் நூற்றெட்டு சொல்கிறானாம், வார்டர்கள் அவனை நல்ல மனிதன் என்கிறார்களாம்.

மூன்று மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்க ஜித்ராவுக்குப் போனேன். யோகேஸ்வரி என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி வைத்துவிட்டு, சுவரோரம் நின்றுகொண்டு சொன்னாள்.

“முன்னல்லாம் கெட்ட வார்த்தை சொல்லி அடிப்பாரு. அதைக் கேட்டாச்சும் நீங்கல்லாம் ஓடி வந்தீங்க. அன்னிக்கு ஒருத்தரும் வரல, பாத்தீங்களாண்ணே?”

தலையைக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது. கோயில் வேலை பார்க்கிறவன் அல்லவா, ஆறு வருடமாக அதில் சரவணபவதான் வைத்திருக்கிறேன்.

யோகேஸ்வரி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். முதுகு வளைந்து, அடுத்த அடிக்குக் காத்திருந்தது. போனை எடுத்துத் தடவினேன், நிறுத்தும் பொத்தான் அகப்படவில்லை. அது அடித்து ஓயும்வரை அவள் அப்படியே இருந்தாள்.