சவரிமுத்துவின் பதினேழாம் ஜாயின்ட்

1. ஈஸ்டர் காலை

ஈஸ்டர் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு வாசலில் சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. பூசை முடிந்து நேராக வந்திருந்தார். வருடத்தில் அந்த ஒரு நாள் அவரைக் குடும்பத்திலிருந்து யாராலும் பிரிக்க முடியாது என்பது துவாக்குடியில் எங்கள் கம்பெனி முழுவதும் அறிந்தது. அதனால் அவரைப் பார்த்ததும் ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது.

"சார், பதினேழாவது ஜாயின்ட்ட அனுப்பாதீங்க" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து என் மனைவி, "பண்டிகையும் அதுவுமா வந்திருக்கார், வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறேளே. உள்ள வரச் சொல்லுங்கோ" என்றாள்.

புதிதாக வேலைக்கு வரும் இன்ஸ்பெக்டர்களுக்காக எழுதுவதால் விளக்கிவிடுகிறேன். நான் அந்தக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். ஆலைகளில் நீராவி ஓடும் தடித்த பைப்புகளை வெல்டிங் செய்து அனுப்புவது எங்கள் தொழில். ஒவ்வொரு ஜாயின்ட்டின் பக்கத்திலும் அதைச் செய்த வெல்டர் தன் நம்பரைப் பஞ்ச் அடிப்பார். பிறகு எக்ஸ்ரே போல ஃபிலிம் எடுப்பார்கள். அதைப் பார்த்து நான் கையெழுத்துப் போடுவேன். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு லோடு கிளம்ப வேண்டும். பதினேழாம் ஜாயின்ட்டுக்கு முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"ஃபிலிம் பாஸ் ஆயிடுச்சே சவரிமுத்து."

"ஆயிடுச்சுங்க. ராடு காயலைங்க."

2. காயாத ராடு

வெல்டிங் ராடின் மேல்பூச்சு ஈரத்தை இழுக்கும். ஆகவே அதை ஓவனில் முந்நூற்றைம்பது டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத்தான் வெல்டரிடம் கொடுக்க வேண்டும். காயாத ராடால் செய்த ஜாயின்ட் அன்று அழகாகவே இருக்கும். ஈரத்தால் வரும் விரிசல் ஒரு நாள் கழித்தும் வரலாம், இரண்டு நாள் கழித்தும் வரலாம், வராமலும் போகலாம். வியாழக்கிழமை செய்த ஜாயின்ட்டை வெள்ளிக்கிழமை ஃபிலிம் எடுத்தால் சனிக்கிழமை வரப்போகும் விரிசல் அதில் தெரியாது.

இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் சவரிமுத்து. மிக அதிக அழுத்தம் தாங்க வேண்டிய ஜாயின்ட்டுகளை அவருக்கென்றே ஒதுக்குவோம். முகக் கவசத்தை இறக்குவதற்கு முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். பெரிய வெள்ளியன்று வேலைக்கு வரமாட்டார். எத்தனை மடங்கு கூலி கொடுத்தாலும் வரமாட்டார். மற்ற நாட்களில் சங்கு ஊதியதும் பாலக்கரைக்கு முதல் பஸ். மனைவி பிலோமினா, இரண்டு பெண்கள். இளையவள் அப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபம் சொல்லாமல் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு கிடையாது.

சக வெல்டர் முருகேசன் சீண்டுவார். "ஏன்ணே, மாதா கோயில் மணி அடிச்சா உங்க மெஷின் தானா ஆஃப் ஆயிடுமா?"

"சங்கு ஊதுனா ஒன் ராடு பாதியில நிக்குதுல்ல? அதே மெஷின்தான்டா."

பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான அந்தப் பெரிய வியாழக்கிழமை மாலை ஆறு மணிப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு. பங்கிலிருந்து பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, சீடர்களுக்கு இயேசு செய்ததுபோலப் பாதிரியார் அவர்கள் கால்களைக் கழுவுவார். பல வருடம் காத்திருந்து அந்த வருடம்தான் சவரிமுத்துவின் பெயர் பட்டியலில் வந்திருந்தது. ஒரு வாரமாக அவர் வேறு எதையும் பேசவில்லை.

மதியம் இரண்டரைக்குக் கடைசி ஜாயின்ட், பதினேழாவது. ராடு எடுக்க ஓவனைத் திறந்தால் உள்ளே குளிர்ந்து கிடந்திருக்கிறது. ஓவனுக்குப் போகும் கரண்ட் லைன் எப்போதோ ட்ரிப் ஆகியிருந்தது. மறுபடி காயவைத்தால் நாலரை. அதன்பிறகு ஜாயின்ட் முடிய ஆறரை.

"அப்படியே அடிச்சுட்டேங்க" என்றார். "அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன். ஃபாதர் என் கால்ல தண்ணி ஊத்துறாரு. எனக்கு ஜாயின்ட்டு மட்டுந்தாங்க தெரியுது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். எனக்கு மன்னிப்புக் குடுத்துட்டாரு. ஜாயின்ட்டுக்குக் குடுக்க முடியாதுங்களே."

என் காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அறியாத ஒன்று எனக்குத் தெரியும். அல்லது அவர் அறிந்தும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவன் அருகே போய் வெப்பநிலையைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதி இன்ஸ்பெக்டர், அதாவது நான், கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் முந்நூற்றைம்பது டிகிரி என்று என் கையெழுத்தில் இருந்தது. நான் அன்று மதியம் ஓவன் பக்கமே போகவில்லை. பல வருடமாகவே போகவில்லை. அந்த நடைமுறையை எழுதியவனும் நான்தான். தலைமை அலுவலகம் அதைப் பாராட்டி மற்ற யூனிட்டுகளுக்கும் அனுப்பியிருந்தது.

"வெளிய தெரிஞ்சா உங்க வெல்டர் கார்டு ரத்தாயிடும், அது இல்லாம ராடைத் தொட முடியாது. மறுபடியும் டெஸ்ட். உங்க கண்ணுக்கு இப்ப முடியுமா?"

ஐம்பத்து நான்கு வயது. கறுப்புக் கண்ணாடிக்குள் இன்னொரு மூக்குக் கண்ணாடி மாட்டித்தான் வெல்டிங் செய்துகொண்டிருந்தார்.

"தெரியுங்க சார். மணி எட்டாவுது."

3. எலுமிச்சம்பழம் வைத்த லாரி

முதலாளிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் ஸ்கூட்டரிலேயே இருவரும் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டவே அரை மணி நேரம். பின்னால் அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது வேறு: ஃபிலிம் பாஸ், கையெழுத்து இருக்கிறது, யாரும் கேட்கப்போவதில்லை.

துவாக்குடியில் இறங்கியபோது லாரி தார்ப்பாய் கட்டி நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்தாயிற்று. முதலாளி கற்பூரத்தட்டோடு நின்றார்.

"என்ன சார், லீவு நாள்ல?"

சொன்னேன். அவர் தட்டை டிரைவரிடம் கொடுத்தார்.

"ஃபிலிம் பாஸா?"

"பாஸ்."

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அப்புறம் என்னங்க? இவரு வாய மூடிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?" சவரிமுத்துவைப் பார்த்தார். "ஏங்க, கோயிலுக்குப் போனமா கும்பிட்டமான்னு இருக்க மாட்டீங்களா?"

"அந்த பைப்புக்குக் கீழ நின்னு ஒருத்தன் வேலை பாப்பாங்க மொதலாளி. அவனுக்கும் தெரியாது."

"பயமுறுத்துறீங்களா?"

"பயந்துபோய்த்தாங்க வந்திருக்கேன்."

தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மன்னார்புரத்திலிருந்து ஒலி அலை செலுத்தி விரிசல் தேடும் அல்ட்ராசோனிக் சோதனை செய்பவர் பைக்கில் வந்து சேர்வதற்குள் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அவர் பெயர் ரபீக். ஜாயின்ட்டைச் சுற்றிக் கருவியை நகர்த்தினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றார்.

"இங்க ஒரு எக்கோ வருது சார். விரிசலா இருக்கலாம். உள்பக்க வெல்டோட மேடாவும் இருக்கலாம், அதுன்னா பிரச்சனையில்ல."

"இருக்கலாம்னா?" என்றார் முதலாளி. "சம்பளம் வாங்கிக்கிட்டு இருக்கலாம்னா என்ன அர்த்தம்?"

ரபீக் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மேடு என்று நான் சொன்னால் மேடு. லாரி போய்விடும். கார்டு பிழைக்கும், ரெஜிஸ்டரும் பிழைக்கும். சவரிமுத்து மட்டும் என்னைப் பார்க்காமல் பைப்பில் தன் நம்பர் பஞ்ச் அடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாக்பீஸை எடுத்து ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் கோடு போட்டேன். "வெட்டுங்க."

வெட்டியவர் அவசரப்பட்டார். கட்டிங் டார்ச் கோட்டைவிட்டு விலகி, ரபீக் காட்டிய அந்த இடத்தையே தின்றுவிட்டது. அங்கே விரிசல் இருந்ததா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதலாளி அந்த இரும்பு வளையத்தைக் காலால் தள்ளிவிட்டு, "நல்லா இருந்த ஜாயின்ட்டு" என்றார். அது அவருடைய தீர்ப்பு.

4. யாருக்கு என்ன கிடைத்தது

அறிக்கையில் ரெஜிஸ்டர் விஷயத்தையும் எழுதினேன். வீரம் ஒன்றுமில்லை; அதை எழுதாமல் அறிக்கை நிற்காது. எனக்கு ஒரு மெமோ வந்தது, 'எதிர்காலத்தில் கவனமாக இருக்கவும்' என்று. சவரிமுத்துவின் கார்டை வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் ரத்து செய்தார். நடைமுறைப்படி சரிதான்.

மறுதேர்வில் பைப்பைச் சாய்வாக நிறுத்தி, எந்தப் பக்கமும் திருப்பாமல் சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டும். சவரிமுத்து இரண்டு முறை தேர்வுக்கு நின்றார்; இரண்டு முறையும், படுத்துக்கொண்டு செய்ய வேண்டிய அடிப்பக்கத்தில் தவறினார். கண். மூன்றாவது வாய்ப்பு வேண்டாம் என்றார். ராடு ஸ்டோரில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை ராடு காயவைத்துக் கொடுக்கும் வேலை. நேரம் ஆகாமல் ஒரு ராடு வெளியே வராது. முருகேசன் கத்துவார்: "அண்ணே, இட்லியா வேகவைக்கிறீங்க?"

"இட்லின்னா பத்து நிமிஷத்துல குடுத்துருவேன். போடா."

அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. தரத்தில் சமரசம் செய்யாதவர் என்று காரணம் எழுதியிருந்தார்கள். இனிப்பு வாங்கிக்கொண்டு பாலக்கரை போனேன். சவரிமுத்து உண்மையாகவே மகிழ்ந்தார். என் தலைக்கு மேல் கையை நீட்டி ஒரு ஜெபம்கூடச் சொன்னார். ரெஜிஸ்டர் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

சென்ற வருடம் அவர் இறந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் போனபோது பிலோமினா அம்மா டீ கொடுத்தார். நான், உங்கள் கணவரைப்போல் ஒரு வெல்டரைப் பார்த்ததில்லை, அந்த ஒரு நாள் அவசரப்படாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லி வைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அந்த அம்மா. "அன்னைக்கு ரெண்டு மணிக்கு நீங்க வந்து அந்த ஓவனத் தொட்டுப் பாத்திருந்தா, அப்பவே சுவிட்சப் போட்டிருப்பீங்க. இவரு லேட்டாப் போயிருப்பாரு, அவ்ளோதான். கால் கழுவ இவரில்லாம பதினோரு பேரு இருந்தா ஃபாதர் வேணாம்னா சொல்லிருப்பாரு?"

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

இப்போது இன்ஸ்பெக்டராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. ரெஜிஸ்டரில் எண்ணை எழுதும் முன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓவன்வரை போங்கள். நாற்பது அடிகூட இருக்காது. நான் நடக்காத அந்த நாற்பது அடிக்கு விலையாக இன்னொருவர் தன் கார்டைக் கொடுத்தார்.