அறுபது நாளும் பேச்சியம்மாளின் காலும்

விபத்துக் கேசில் வக்கீல் குமாஸ்தாவின் முதல் வேலை, அழுதுகொண்டு வருகிறவரிடம் தேதி கேட்பது. திண்டுக்கல்லில் பல வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். கோர்ட் வராந்தாவில் நின்று நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

அபராதம் போட்டாச்சே!

அறுபதுகளின் தொடக்கம். பட்டா நகலுக்காக வந்த கருப்பையா, பேச்சுவாக்கில் தங்கச்சி பேச்சியம்மாளைப் பற்றிச் சொன்னார். வடமதுரைப் பக்கம் நாற்று நடப் போனவளை ஒரு மில் முதலாளியின் கார் ரோட்டோரத்தில் அடித்துப் போட்டுவிட்டது. வலது முழங்கால் நொறுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். "நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டீங்களா?" என்றேன். "டைவருக்குத்தான் அபராதம் போட்டாச்சேண்ணே, பெறகு என்ன மனு?" என்றார்.

அபராதம் சர்க்காருக்குப் போகும், காலுக்குத் தனி மனு, அதுவும் விபத்து நடந்து அறுபது நாளுக்குள் என்று விளக்கினேன். விரல்விட்டு எண்ணினோம், அன்று ஐம்பத்தேழாவது நாள். பட்டா பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "செத்த நேரம் இருங்கண்ணே, வண்டியக் கட்டி அவளக் கூட்டியாறேன்."

பெருவிரல்

கெடு தாண்டாமல் மனுப் போட்டுவிட்டோம். மதுரைக் கோர்ட்டில் விசாரணை வந்தபோது எதிர்த்தரப்பு ஒரு காகிதத்தை நீட்டியது. 'என் கவனக்குறைவுதான், யார் மேலும் புகார் இல்லை' என்று எழுதி, கீழே பேச்சியம்மாளின் ரேகை. எங்கள் வக்கீல் முகம் சுருங்கிவிட்டது. அவளைக் கேட்டால், "கண்ணு முழிச்சப்ப விரல்ல மை இருந்துச்சு. ஆஸ்பத்திரியில வச்சதுன்னு நெனைச்சேன்" என்றாள்.

காகிதத்தில் தேதியோடு நேரமும் இருந்தது: காலை பத்து மணி. மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். நாலாம் நாள் கம்பவுண்டர் இபுராகிம் ராவுத்தர் ஆபரேஷன் ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தார். அதே தேதியில் ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். ராவுத்தர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். "மயக்கம் தெளியுறதுக்குள்ள பொம்பள கையப் பிடிச்சு வச்சிட்டு, நேரத்த இஷ்டத்துக்கு எழுதியிருக்கானுவ. சம்மன் அனுப்பச் சொல்லுங்க, நானே வந்து சொல்றேன்."

எத்தனை மைல் வேகம்?

கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்தான்: வெங்காய வண்டி ஓட்டி வந்த ஒட்டன்சத்திரத்துக் காளியப்பன். எதிர் வக்கீல் மடக்கினார்: கார் மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் வந்தது, சொல்லத் தெரியுமா? காளியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "மைலெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சத்தத்தைக் கேட்டு என்ற எருது ரெண்டும் பள்ளத்துல எறங்கி நின்னுருச்சுங்க. அதுகளுக்குத் தெரிஞ்சது அந்த டைவருக்குத் தெரியலீங்களே."

நடந்துதானே வந்தாய்?

கடைசியில் பேச்சியம்மாளையே கூண்டில் ஏற்றினார்கள். "கோர்ட்டுக்கு நடந்துதானே வந்தாய், காலுக்கு என்ன கேடு?" என்று கேட்டார் எதிர் வக்கீல். "நடக்கலாமுங்கய்யா, மடக்க ஏலாது. நின்னமேனிக்கே நாத்து நடுற வயலு எங்க இருக்கு?" என்றாள். எழுதிக்கொண்டிருந்த ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார்.

தீர்ப்பு எங்கள் பக்கம். கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. அவள் கறவை மாடு வாங்கினாள். நடவுக்கு மறுபடி போகவே முடியவில்லை. தீர்ப்பன்று, ஜெயித்துவிட்டோம் என்று எங்கள் வக்கீல் கோர்ட் படியிறங்கும்போது சொன்னதற்கு அவள் கும்பிட்டாள். "சந்தோசந்தான் சாமி. ஆனா கார் சத்தம் கேட்டா இன்னமும் ரோட்ட விட்டு எறங்கி, அது போற வரைக்கும் நின்னுக்கிருதேன்."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: அடிபட்டவர்களுக்கு எலும்பு கூடுவதைவிடக் காகிதம் கூடுவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.